கடைசிப் பத்தியில் இருக்கிறவர்கள்: தமிழ்ச் செய்தி மேசைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் செய்திச் சேனல்களிலும் டெஸ்க் பார்க்கும் துணையாசிரியர்களுக்கும், அவர்கள் வைக்கும் தலைப்பைத் திருத்தும் செய்தி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நானும் உங்களில் ஒருவனாக இருந்தவன்தான். ஒரு நாளிதழின் உலகச் செய்திப் பக்கத்தில் பதினோரு வருஷம் இரவுப் பணி பார்த்தேன். செய்தி ஏஜென்சி அனுப்பும் ஆங்கிலக் காப்பியை, அதாவது செய்தி வாசகத்தை, தமிழில் எழுதி, தலைப்பு வைத்து, பக்கத்துக்குள் அடக்கி அச்சுக்கு அனுப்புவது என் வேலை. ஆகவே வெளியில் நின்று விரல் நீட்டுகிறவனின் கடிதமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். இதில் வரப்போகிற தப்புகளில் பாதிக்கு மேல் நான் செய்தவை.

ஒன்றைச் சொல்கிறேன். பக்கம் முடிக்க இருபது நிமிஷம் இருந்தது. மத்தியதரைக் கடலில் படகு கவிழ்ந்த செய்தியை மூன்று காலத்துக்கு (பக்கத்தில் மூன்று நெடுவரிசை அகலத்துக்கு) எழுதி வைத்திருந்தேன். கடைசி நேரத்தில் விளம்பரம் வந்துவிட்டது, ரெண்டு காலம் பத்து சென்டிமீட்டர்தான் மிச்சம் என்றார் பக்கம் வடிவமைப்பவர். சரி என்று கீழேயிருந்து வெட்டினேன். நாம் எல்லோரும் அப்படித்தான் வெட்டுவோம். போனவை கடைசி இரண்டு பத்திகள். அதில் உயிர் பிழைத்த ஒரு பெண் பேசியிருந்தார். துப்பட்டாவின் ஒரு முனையைத் தன் மணிக்கட்டிலும் மறு முனையை மகனின் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டு படகேறியிருக்கிறார். தண்ணீரில் ஊறி முடிச்சு இறுகிவிட்டதால் கரையில் அதை அவிழ்க்க முடியவில்லை, கத்தரித்துத்தான் இருவரையும் பிரித்தார்கள். அது அவ்வளவும் போய்விட்டது. பக்கத்தில் தங்கியவை கடலோரக் காவல் படை அதிகாரி சொன்ன எண்ணிக்கை, ஆள்கடத்தல்காரர்களுக்கு ஓர் அமைச்சரின் கண்டனம், "இந்த ஆண்டில் மட்டும் இதுவரை" என்று தொடங்கும் ஒரு கணக்கு.

அன்றைக்கு எனக்கு அது உறுத்தவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

பல வருஷம் கழித்துத்தான் அந்த வெட்டைப் பற்றி யோசித்தேன். ஏஜென்சி காப்பி கட்டப்படுகிற விதம் உங்களுக்குத் தெரியும். முக்கியமானது மேலே, வெட்டினாலும் பரவாயில்லை என்பது கீழே. அகதிகளைப் பற்றிய செய்தியில் "முக்கியமானது" என்ற இடத்தில் எப்போதும் ஓர் அரசு உட்கார்ந்திருக்கிறது. எண்ணுகிறவர், தடுக்கிறவர், மீட்கிறவர், கண்டிக்கிறவர் எல்லாம் முதல் நான்கு பத்திகளில் வந்துவிடுவார்கள். படகில் வந்தவர் வாயைத் திறந்தால் அது கடைசிப் பத்தி. அங்கேதான் நம் கத்தரி விழுகிறது. ஊடகங்கள் அகதிகளை வெறுப்போடு சித்திரிக்கின்றன என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். நான் பார்த்த டெஸ்க்கில் வெறுப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. டெட்லைன் இருந்தது, கீழேயிருந்து வெட்டும் பழக்கம் இருந்தது. வருஷக்கணக்கில் வெட்டி வெட்டி, யார் வருகிறார் என்பது ஒரு வரிகூட இல்லாத ஒரு பெருங்கூட்டத்தை வாசகர் மனதில் உண்டாக்கிவிட்டோம்.

2023 ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். 14ஆம் தேதி கிரீஸ் நாட்டின் பைலோஸ் பக்கம், லிபியாவிலிருந்து புறப்பட்ட ஒரு மீன்பிடிப் படகு மூழ்கியது. அதில் 750 பேர் வரை இருந்ததாக மதிப்பிட்டார்கள். பிழைத்தவர்கள் 104 பேர். கிடைத்த உடல்கள் 82. மற்றவர்கள் கடலோடு போனார்கள். நாலே நாளில், டைட்டானிக்கின் சிதைவைப் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கி காணாமல் போனது. அதில் 5 பேர். உள்ளே எத்தனை மணி நேரத்துக்கு ஆக்சிஜன் மிச்சம் என்று திரையின் மூலையில் கடிகாரம் ஓடியது. ஐந்து பேருடைய பெயர், தொழில், குடும்பம் எல்லாம் நமக்கு அத்துப்படி. அந்த 750 பேரில் ஒருவருடைய பெயராவது உங்கள் நினைவில் இருக்கிறதா? எனக்கும் இல்லை. ஐந்து பேருக்காக வருத்தப்பட்டது தப்பென்று நான் சொல்ல வரவில்லை. அந்த வாரம் நம் கையில் இருந்த நேரமும் இடமும் எந்தப் பக்கம் சாய்ந்தன என்று கேட்கிறேன்.

இனி வினைச்சொற்களுக்கு வருகிறேன். என் கோபம் அங்கேதான் அதிகம்.

தமிழ் டெஸ்க்கில் காதல் ஜோடிக்கு ஒரு தலைப்பு தயாராக இருக்கும்: "காவல் நிலையத்தில் காதல் ஜோடி தஞ்சம்". வீட்டாருக்குப் பயந்து ஓடி வந்த இரண்டு பேருக்கு என்ன அழகான சொல் கொடுக்கிறோம்! தஞ்சம் என்றதுமே, அவர்களுக்கு ஆபத்து இருக்கிறது, காப்பாற்ற ஒரு இடம் வேண்டும் என்று வாசகருக்கு விளங்கிவிடுகிறது. அதே டெஸ்க், அதே இரவு, குண்டு வீச்சுக்குப் பயந்து எல்லை தாண்டும் குடும்பத்துக்கு எழுதுவது "ஊடுருவல்". இல்லையென்றால் "படையெடுப்பு". கொஞ்சம் நல்ல மனசு இருந்தால் "குவிகின்றனர்". குவிவது குப்பையும் நெல்லும். ஆங்கிலத்தில் அலை, வெள்ளம், சுனாமி என்று எழுதுகிறார்கள், நாமும் அப்படியே தமிழில் இறக்குகிறோம். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த டேவிட் கேமரன் 2015இல் மத்தியதரைக் கடலைத் தாண்டி பிரிட்டனுக்கு வர முயன்றவர்களைப் பூச்சிக் கூட்டத்துக்குச் சொல்லும் சொல்லால் குறிப்பிட்டபோது அவருடைய நாட்டிலேயே கண்டனம் எழுந்தது. தமிழில் அதற்கு "மொய்க்கிறார்கள்" என்று எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்புறம் "சிக்கினர்", "பிடிபட்டனர்", "சுற்றிவளைப்பு". திருடனுக்கும் யானைக்கும் வைத்திருக்கிற சொற்கள் இவை.

இந்த விஷயத்தில் தமிழுக்கு வரலாறு இல்லாமல் இல்லை. "கள்ளத்தோணி" என்ற சொல் யார் மேல் எறியப்பட்டது? இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்கள் மேல். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் ஏறத்தாழ ஏழு லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. சட்டம் பிறகு மாறியது, குடியுரிமையும் பின்னாளில் கிடைத்தது. சொல் மட்டும் போகவில்லை. அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தார்கள்.

"சட்டவிரோதக் குடியேறி" என்ற தொடரையும் நான் நூறு தடவையாவது தட்டச்சு செய்திருப்பேன். அசோசியேட்டட் பிரஸ் செய்தி ஏஜென்சி 2013 ஏப்ரலில் தன் நடைக் கையேட்டிலிருந்து இதற்கு இணையான ஆங்கிலத் தொடரை நீக்கியது. ஒரு செயலைச் சட்டவிரோதம் எனலாம், ஒரு ஆளை அப்படிச் சொல்லக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். இன்றும் நம் மேசைக்கு அவர்களுடைய காப்பி வருகிறது. அவர்கள் எடுத்துவிட்ட சொல்லை மொழிபெயர்ப்பில் நாமே திரும்பப் போட்டுக்கொள்கிறோம்.

சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம், ஏனென்றால் இங்கே தவறு பெரும்பாலும் தெரியாமல் நடப்பது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின்படி இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, அரசியல் கருத்து ஆகிய காரணங்களால் கொடுமைக்கு ஆளாவோம் என்று நியாயமான அச்சம் கொண்டு நாட்டுக்கு வெளியே இருப்பவர் அகதி. முதலில் 1951க்கு முந்தைய நிகழ்வுகளுக்கு மட்டும் என்றிருந்த வரம்பை 1967ஆம் ஆண்டு நெறிமுறை எடுத்துவிட்டது. அதே உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்தான இடத்திலிருந்து நேராக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் போய்க் காரணம் சொல்லும் அகதியை, அனுமதியில்லாமல் நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. உடன்படிக்கையை எழுதியவர்களுக்குத் தெரியும், கொல்ல வருகிற அரசிடம் போய் பாஸ்போர்ட் கேட்டு நிற்க முடியாதென்று. புகலிடம் கேட்பதற்கென்று விசா எதுவும் கிடையாது. பெரும்பாலும் அந்த நாட்டின் மண்ணிலோ எல்லையிலோ நின்றுதான் கேட்க முடியும். "சட்டவிரோதமாக நுழைந்த அகதிகள்" என்று எழுதும்போது கதையின் முன்பாதியை மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறோம். இந்தியாவும் இலங்கையும் இந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, அது வேறு விஷயம். ஆனால் நாம் எழுதும் உலகச் செய்திகளில் பாதி, கையெழுத்திட்ட நாடுகளைப் பற்றியது.

எண்களிலும் ஒரு பழக்கம் இருக்கிறது. 2015இல் கடல் வழியாக ஐரோப்பாவுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தபோது "ஐரோப்பாவில் அகதிகள் நெருக்கடி" என்று எல்லோரும் போட்டோம், நானும் போட்டேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் மக்கள்தொகை அப்போது சுமார் 50 கோடி. அதற்கு முந்தைய வருஷமே லெபனானில் பதிவு செய்யப்பட்ட சிரிய அகதிகள் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். அந்த நாட்டில் சொந்த மக்களே நாற்பது லட்சத்துச் சொச்சம்தான். லெபனானுக்கு நாம் பேனர் தலைப்பு போட்டதாக நினைவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கணக்கில் 2024 முடிவில் உலகெங்கும் வீடிழந்து வெளியேற நேர்ந்தவர்கள் 12 கோடியே 32 லட்சம். இதில் 7 கோடியே 35 லட்சம் பேர் தங்கள் நாட்டு எல்லையைத் தாண்டவே இல்லை. தாண்டியவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் பக்கத்து நாட்டில்தான் இருக்கிறார்கள். "பணக்கார நாடுகளை நோக்கிப் படையெடுப்பு" என்ற தலைப்பை இந்தக் கணக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கோப்புப் படங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் டெஸ்க்கில் ஒரு படம் இருந்தது: ரப்பர் படகு, ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட், முகம் தெரியாத முப்பது நாற்பது பேர். ஒரே படத்தை மூன்று கடல்களுக்குப் போட்டிருக்கிறோம். "கோப்புப் படம்" என்று பொடி எழுத்தில் போட்டால் பாவம் தீர்ந்தது என்று நினைப்பு. படம் எங்கெல்லாம் போகும் என்பதற்கு நல்ல சாட்சி 2016இல் நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறுவது பற்றிய வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, வெளியேறப் பிரசாரம் செய்த அரசியல்வாதி நைஜல் ஃபராஜ் ஒரு சுவரொட்டியைத் திறந்து வைத்தார். முடிவே தெரியாமல் நீளும் மனித வரிசை, மேலே "உடையும் தருணம்" என்ற பொருளில் பெரிய எழுத்து. பிரிட்டன் எல்லையில் எடுத்த படமில்லை அது. முந்தைய வருஷம் குரோவேஷியா–ஸ்லோவேனியா எல்லையில் அகதிகள் நடந்து போவதை ஒரு செய்திப் புகைப்படக்காரர் எடுத்தது. அவர் பதிவு செய்தது ஒரு துயரத்தை. வரிசையில் முகங்கள் பொடிப்பொடியாக இருந்ததால் எதற்கும் ஒட்டிக்கொள்ள வசதியாகிவிட்டது.

முகம் தெரிந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2015 செப்டம்பர் 2ஆம் தேதி துருக்கியின் போத்ரும் கரையில் பிணமாக ஒதுங்கிய அந்தச் சிரியச் சிறுவனின் படத்தை எல்லோரும் முதல் பக்கத்தில் போட்டோம். உலகம் அழுதது. அவன் பெயர் ஆலன். நாங்கள் "அய்லான்" என்று அச்சடித்தோம், திருத்தவும் இல்லை. சில வாரங்களில் பழைய சொற்கள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. உச்சுக்கொட்ட வைக்கும் செய்தியும் ஆளைப் பேசவிடாத செய்திதான். பரிதாபத்துக்கு உரிய பிணமாக இருந்தால் முதல் பக்கம், உயிரோடு கரையேறி வேலை கேட்டால் "ஊடுருவல்" என்பது என்ன நியாயமோ தெரியவில்லை.

குற்றச் செய்திக்கு வருகிறேன். "வடமாநில வாலிபர் கைது", "இலங்கை அகதி கைது". இரண்டும் நம் டெஸ்க்கில் ரெடிமேட். உள்ளூர்க்காரர் ஒருவர் செல்போன் திருடினால் தலைப்பில் அவர் பிறந்த ஜில்லாவைப் போடுகிறோமா? முகாமிலேயே பிறந்து, முகாமிலிருந்தே பள்ளிக்குப் போய், முப்பது வயதாகி, இலங்கையைக் கண்ணாலும் பார்க்காத ஒருவர் இன்னும் தலைப்பில் "இலங்கை அகதி". தமிழக அரசுகூட 2021இல் அந்த முகாம்களின் பெயரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று மாற்றிவிட்டது. அகதி குற்றம் செய்தால் எழுதக் கூடாது என்று நான் கேட்கவில்லை, தாராளமாக எழுதுங்கள். அவர் எங்கிருந்து வந்தார் என்பதற்கும் குற்றத்துக்கும் தொடர்பு இருந்தால் தலைப்பிலேயே எழுதுங்கள். தொடர்பு இல்லையென்றால் அது தகவலே அல்ல.

இத்தாலிக்காரர்கள் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 2006 டிசம்பரில் எர்பா என்ற ஊரில் ஒரு வீட்டில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள், அதில் ஒன்று இரண்டு வயதுக் குழந்தை. குழந்தையின் தகப்பன் துனீசியாவிலிருந்து வந்தவர், பொது மன்னிப்பில் சிறையிலிருந்து வெளியே வந்தவர். போதாதா? அவர்தான் கொலைகாரன் என்று செய்தி பறந்தது. அந்த மனிதர் அப்போது துனீசியாவில் பெற்றோரைப் பார்க்கப் போயிருந்தார். மனைவியும் பிள்ளையும் செத்த சேதியோடு தான் கொலைகாரனாக்கப்பட்ட சேதியும் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னர் தண்டனை பெற்றது பக்கத்து வீட்டு இத்தாலியத் தம்பதி. இதையடுத்து ஐ.நா. அகதிகள் ஆணையம் அந்த நாட்டுப் பத்திரிகை ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதியது. பத்திரிகையாளர் அமைப்புகள் உட்கார்ந்து பேசி, 2008இல் ரோம் சாசனம் என்ற நடத்தை விதிகளைக் கொண்டுவந்தன. அகதி, புகலிடம் கேட்பவர், வேலைக்கு வந்தவர் என்று சொற்களைச் சரியான பொருளில் பயன்படுத்த வேண்டும் என்பது அதில் முதன்மையான விதி. தமிழில் அப்படி எழுதி வைத்த விதி ஒன்றை என் பதினோரு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. எழுத்துப்பிழைக்கு மட்டும் கையேடு இருந்தது.

நம் பக்கமும் சூடு பட்டிருக்கிறது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று வேறெங்கோ எடுத்த வீடியோக்களை வைத்து வதந்தி கிளம்பியது. வடக்கே சில ஊடகங்கள் சரிபார்க்காமல் போட்டன. காவல் துறை மறுத்தது, வழக்குகள் பதிவாயின. அதற்குள் பயந்துபோன தொழிலாளர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு வந்துவிட்டார்கள். அப்போது நாம் எவ்வளவு நியாயமாகக் கொதித்தோம்! "ஒரு போன் போட்டு விசாரித்திருக்கக் கூடாதா?" என்று கேட்டோமே, அந்தக் கேள்வியை அப்படியே நம் மேசைக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

நம்மால் முடியாது என்று இல்லை. 2010 ஆகஸ்டில் சன் சீ என்ற கப்பல் 492 ஈழத் தமிழர்களோடு கனடாவின் மேற்குக் கரைக்குப் போனது. அங்கே பேச்சு ஆள்கடத்தல், பயங்கரவாதம் என்று போனது. அப்போது நம் டெஸ்க்கில் "குவிந்தனர்" என்று யாரும் எழுதவில்லை. முள்ளிவாய்க்காலில் தொடங்கித்தான் எழுதினோம். யாருடைய உறவினர் டொரன்டோவில் இருக்கிறார், யார் பேசுவார் என்று தேடினோம். 2022 மார்ச்சில் இலங்கைப் பொருளாதார நெருக்கடியின்போது தனுஷ்கோடிப் பக்கம் முதல் நாளில் 16 பேர் வந்திறங்கினார்கள், அதில் ஒரு பகுதியினர் மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டவர்கள். நிருபர்கள் போய் நின்று, ஏன் கிளம்பினோம் என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதினார்கள். அந்தச் செய்திகளை இன்று படித்தாலும் ஆள் தெரிகிறது. நம்மவர் என்றால் எப்படி எழுத வேண்டும் என்று நமக்குத் தெரிகிறது. சிரியர், ரோஹிங்கியா, ஆப்கானியர், பிகாரி என்றால் மறந்துவிடுகிறது.

இடமில்லை என்பீர்கள். இடம் என்றைக்கும் இருந்ததில்லை. நான் கேட்பது கூடுதல் இடமும் அல்ல. ரெண்டு காலம் பத்து சென்டிமீட்டர்தான் என்றால், அமைச்சரின் கண்டனத்தை வெட்டுங்கள், அவர் அடுத்த வாரமும் கண்டிப்பார். "இந்த ஆண்டில் இதுவரை" கணக்கை வெட்டுங்கள். கடைசிப் பத்தியை முதலில் படித்துவிட்டு, அதற்குப் பிறகு மேலே போங்கள். காப்பியில் ஒரு பெயர் இருந்தால், வெளியிடுவதால் அவருக்கோ ஊரில் விட்டுவந்த குடும்பத்துக்கோ ஆபத்தில்லை என்றால், அதை விட்டுவையுங்கள். பெயரை எப்படி உச்சரிப்பது என்று ஒரு நிமிஷம் தேடிப் பாருங்கள். சேனலில் இருப்பவர்களுக்கு: அகதிகள் பற்றிய விவாதத்துக்கு நான்கு பேரைக் கூப்பிடும்போது அதில் ஒருவராவது அகதியாக இருந்தவராக இருக்கட்டும். கிடைக்க மாட்டார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள், தமிழ் பேசும் உலகத்தில்.

போன மாதம் நூலகத்தில் பழைய பைண்டிங்குகளைப் புரட்டி அந்தப் படகுச் செய்தியைத் தேடிப் பிடித்தேன். பதினொன்றாம் பக்கம், கீழ் மூலை. நான் வைத்த தலைப்பு அப்படியே இருக்கிறது: "அகதிகள் படகு கவிழ்ந்து பலர் பலி". துப்பட்டா இல்லை, முடிச்சு இல்லை. பக்கத்தில் அந்த விளம்பரம் இருக்கிறது, ஒரு எழுத்துக்கூடக் குறையாமல்.

அன்புடன்,
பழைய டெஸ்க்காரன்